எண்ணெயும் நீரும்

(சங்க மண்டபத்தில் இளைஞர் கூட்டமொன்றிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய சொற்பொழிவுக்கு ‘விதையெண்ணெய்களிலிருந்து நனோப் பால்மங்கள்’ என்று அழைப்பிதழிலே அச்சிட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுவிட்டு, இது நமக்குரிய விடயமன்று என வீட்டிலே தங்கிவிட்ட தாய்மார் சிலர் உண்டெனக் கேள்விப்பட்டோம். வருந்துகிறோம். இவ்விடயத்தை நம்மெல்லோரினும் நன்கு அறிந்தவர்கள் அவர்களே. சொதி வைப்பவர்கள் அவர்களன்றோ?

நம் வீடுகளிலே சொதி வைக்கும் முறையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். காயை இரண்டாம் பாலிலே அவியவிடுவர். முதற்பாலை இறக்குந் தறுவாயிலே விடுவர். விட்டபின் அகப்பையைக் கைவிடாது துழாவுவர். பொங்கிக் கொதிக்குமுன் இறக்கி, இறக்கிய பின்னரே தேசிப்புளி விடுவர். இவ்வொழுங்கிலே ஒன்று பிசகினாலும் சொதி திரைந்துபோம். மேலே எண்ணெய் மிதக்கும்; கீழே நீர் தெளியும்; நடுவிலே திப்பி திரளும். பின்பு எவ்வளவு துழாவினாலும் பழைய பால் வரமாட்டாது.

தேங்காய்ப் பால் என்பது என்ன? நீரிலே மிதக்கும் எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் சுற்றித் தேங்காயின் புரதம் மெல்லிய சட்டைபோல மூடியிருக்கிறது. அந்தச் சட்டை உள்ளவரைக்கும் ஒரு துளி இன்னொன்றோடு சேராது. ஏறக்குறைய 80 பாகைச் சூட்டிலே அப்புரதம் உருக்குலையத் தொடங்கும். புளி சேர்ந்தால் துளிகளை ஒன்றையொன்று விலக்கி நிறுத்தும் மின்னேற்றம் குன்றும். சட்டை கிழிந்தது, துளிகள் ஒன்றாயின, சொதி திரைந்தது. இவ்வாறு ஒரு திரவம் மற்றொன்றிலே துளித்துளியாய்ப் பரந்து நிற்பதையே பால்மம் என்கிறோம். இதனைக் குழம்பு என மொழிபெயர்த்தோரும் உளர். மரக்கறிக் குழம்போடு மயங்கும் ஆதலின் பால்மம் என்ற சொல்லையே நாம் கைக்கொள்வோம்.

எண்ணெயையும் நீரையும் கலப்பது ஒரு வித்தையன்று. ஒரு போத்தலிலே இட்டுக் குலுக்கினாற் கலந்துவிடும். கலந்தது கலந்தபடியே நிற்பதுதான் வித்தை. இதனை நாம் நூலிலே படித்து அறியவில்லை, பட்டே அறிந்தோம்.

2017ஆம் ஆண்டை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். இலங்கையிலே 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர் எனக் கணக்கிடப்பட்ட ஆண்டு அது. கொழும்பும் அயலூர்களும் பெரிதும் வாடின. அக்காலத்திலே நம் இளைஞர்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் வீடு வீடாகச் சென்று பூச்சட்டிகளையும் பழைய ரயர்களையும் கவிழ்த்தனர். கான்களைத் துப்புரவு செய்தனர். அவர்களுள் ஒருவர், ‘வேப்பெண்ணெய் விட்டால் நுளம்புக் குடம்பிகள் சாகும் என்று அப்பாச்சி சொல்வார்’ என்றார். நல்ல யோசனை என்று புறக்கோட்டையிலே வேப்பெண்ணெய் வாங்கிக் கானிலே ஊற்றினோம். எண்ணெய் சிறிது தூரம் படலமாய் ஓடிக் கானின் சுவரிலே ஒட்டிக்கொண்டது. குடம்பிகள் கீழே வழக்கம்போல் நெளிந்துகொண்டிருந்தன.

இங்கே ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டெங்கைப் பரப்பும் நுளம்பு சாக்கடைக் கானிலே முட்டையிடுவது அரிது. அது பெரும்பாலும் சட்டி, ரயர், பீலி ஆகியவற்றிலே தேங்கும் தெளிந்த நீரை நாடுவது. கானிலே பெருகுவது கியூலெக்சு என்னும் வேறினம். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுவே. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று நீங்கியது என 2016இலே உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. நுளம்பு நீங்கிவிட்டது என்று மட்டும் எவரும் சான்று வழங்கவில்லை. மாலையிலே வெள்ளவத்தைக் கால்வாயோரம் நிற்பவருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. சங்கத்து மூத்த வைத்தியர் ஒருவர் இவ்வினவேறுபாட்டை எடுத்துக் கூறியபோது நாம் வெட்கித்தோம். ஆயினும் வேப்பெண்ணெயை விடவில்லை.

எண்ணெய் நீரிலே பரவ வேண்டும்; அதற்குச் சவர்க்காரம் போதும் என்றனர் கமஞ்செய்து பழகியவர்கள். தோட்டத்துப் பயிருக்கு வேப்பெண்ணெய் தெளிப்போர் அவ்வாறுதானே செய்கின்றனர்? சவர்க்காரக் கரைசலிலே எண்ணெயை விட்டுச் சமையலறைக் கிரைண்டரிலே அடித்தோம். (அந்தக் கிரைண்டர் பிறகு சமையலுக்கு உதவவில்லை, அதனாலே வீட்டில் நேர்ந்தவற்றை இங்கே சொல்வதற்கில்லை.) கடும் மஞ்சளான பால் ஒன்று வந்தது. கண்டு மகிழ்ந்தோம். நான்காம் நாள் போத்தலின் கழுத்திலே ஒரு விரற்கடை எண்ணெய் நின்றது.

இது போதாதென்று, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றபோது அச்சவர்க்காரமும் எண்ணெயும் எடுத்துச் சென்று கிணற்று நீரிலே அடித்துப் பார்த்தோம். நான்கு நாள் வேண்டியிருக்கவில்லை; நாலு நிமிடத்திலே திரைந்துவிட்டது. வெண்மையான கட்டிகள் மிதந்தன. ஆச்சி ஒருவர் எட்டிப் பார்த்து, ‘உந்தத் தண்ணியிலே சவுக்காரம் நுரைக்காது எண்டு தெரியாதோ பிள்ளையள்?’ என்றார். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். அந்நீரிலே கல்சியம் மிகுதி. சவர்க்காரத்தோடு கல்சியம் சேர்ந்தால் கரையாத கட்டியாகும். துளிகளுக்குச் சட்டையாய் நின்ற சவர்க்காரமே கட்டிப்பட்டபின் துளியை யார் காப்பது? கொழும்புக் குழாய்நீர் லபுகமை, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் வருவது, மென்னீர். அதனாற்றான் இங்கே நாலு நாளாவது நின்றது. ஒரே எண்ணெய், ஒரே சவர்க்காரம், ஒரே கை; நீர் வேறுபட்டதனாலே விளைவு வேறாயிற்று. இந்தக் கல்சியத்தை மறவாதீர்கள்; மருத்துவமனையொன்றிலே அதனை மறுபடியுஞ் சந்திப்போம்.

இனிச் சிறிது கணக்கு. அஞ்ச வேண்டாம்.

எண்ணெய் நீரினும் இலேசானது. ஆகவே துளி மேலெழும். அது எவ்வளவு விரைவாக எழும் என்பதை ஸ்தோக்சு என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்தார். துளியின் விட்டம் பத்திலொன்றாகக் குறைந்தால் வேகம் நூறிலொன்றாகக் குறையும். 10 மைக்கிரோமீற்றர் அளவான துளி, அதாவது தலைமயிரின் தடிப்பிலே எட்டிலொன்று அளவானது, நீரிலே மணிக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சதமமீற்றர் எழும். தேங்காய்ப் பால் வைத்த சில மணியிலே மேலே தடித்த பால் திரளுவது இதனாலே. அத்துளியை நூறிலொன்றாக்கி 100 நனோமீற்றர் ஆக்குங்கள். இப்போது அதே ஒன்றரைச் சதமமீற்றர் எழுவதற்குப் பதினாயிரம் மணி வேண்டும்; ஓராண்டுக்கும் மேல். உண்மையிலே அதுவும் எழாது. நீரின் மூலக்கூறுகள் நாற்புறமும் இடிக்கும் இடியிலே அத்துளி ஓரிடத்திலே நில்லாது அலைந்துகொண்டேயிருக்கும். துளியை நனோ அளவிற்குச் சிறிதாக்க விஞ்ஞானிகள் பாடுபடுவதன் முதற்காரணம் இதுவே.

ஆனால் சிறிதாக்குதல் சும்மா கிடைப்பதன்று. ஒரு தேக்கரண்டி எண்ணெயை, 5 மில்லிலீற்றரை, 100 நனோமீற்றர்த் துளிகளாக்கினால் அவற்றின் மேற்பரப்பெல்லாஞ் சேர்ந்து 300 சதுரமீற்றர் ஆகும். காணி வாங்கி விற்பவர் பாஷையிலே சொன்னால், பன்னிரண்டு பேர்ச்! வெள்ளவத்தையிலே இன்று பன்னிரண்டு பேர்ச் என்ன விலை என்பதைப் பெரியோர்கள் தமக்குள் கணித்துக்கொள்க. அவ்வளவு பரப்பையும் மூட வேண்டிய சட்டையைப் பால்மமாக்கி என்னும் பொருளே தரவேண்டும். அப்பொருளின் ஒரு முனை எண்ணெயை விரும்பும். மறுமுனை நீரை விரும்பும். இதனைக் கலியாணத் தரகர் என்று சொல்லிப் புரியவைக்கும் ஆசிரியர்கள் உண்டு. நமக்கு அவ்வுவமை முழுதும் உடன்பாடன்று. தரகர் தாலி ஏறியதும் போய்விடுவார். பால்மமாக்கியோ கடைசிவரை அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும்.

அவ்வளவு சிறிய துளியாக உடைப்பது கிரைண்டரால் ஆவதன்று. ஒகஸ்ற் கோலின் என்னும் பிரெஞ்சுக்காரர் பசுப்பாலின் கொழுப்பை உடைக்கவென 1899இலே உரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்தவைகளே இன்றைய உயரழுத்த இயந்திரங்கள்; நுண்ணிய துவாரத்தினூடே பேரழுத்தத்திலே திரவத்தைச் செலுத்துவன. காதுக்கெட்டாத ஒலியதிர்வினால் உடைப்பது இன்னொரு வழி. இயந்திரமே இன்றித் துளி தானே பிறப்பதும் உண்டு. நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள்: தேன்நிறமான டெற்றோலை நீரிலே விட்டவுடன் வெள்ளைப் பாலாகிறதே, அதற்கு எவர் கிரைண்டர் பிடித்தார்? அற்ககோலிலே கரைந்து நின்ற எண்ணெய்ப்பொருள்கள் நீரைக் கண்டதும் கரைந்து நிற்க இடமின்றித் துளித்துளியாய்ப் பிரிகின்றன. அதிலுள்ள ஆமணக்கெண்ணெய்ச் சவர்க்காரம் உடனே அவற்றை மூடுகிறது. ஆமணக்கும் ஒரு வித்துத்தானே!

வேப்பெண்ணெய்க்கு வருவோம். நாம் கிரைண்டரைப் பாழாக்குவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, தமிழ்நாட்டிலே வேலூர் வி.ஐ.ரி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஞ்சலி, முகர்ஜி, சந்திரசேகரன் முதலியோர் இதனை முறையாகச் செய்து 2012இலே வெளியிட்டிருந்தனர். அதனை முன்னரே படித்திருந்தால் ஒரு கிரைண்டர் மிஞ்சியிருக்கும். அவர்கள் சவர்க்காரத்தை விட்டு, மின்னேற்றமற்ற டுவீன் 20 என்னும் பால்மமாக்கியை எடுத்தனர். இவ்வினத்தைக் கல்சியம் எளிதிலே தொடாது. யாழ்ப்பாணத்துக் கிணறும் இதற்குப் பெரிதன்று. எண்ணெய் ஒரு பங்குக்குப் பால்மமாக்கி 0.3 பங்கு, ஒன்றரைப் பங்கு, மூன்று பங்கு என மாற்றிப் பார்த்தனர். பால்மமாக்கி கூடக் கூடத் துளி சிறுத்தது. 251 நனோமீற்றரிலிருந்து 31 நனோமீற்றர் வரை இறங்கியது. துளி சிறுக்கச் சிறுக்கக் குடம்பியைக் கொல்லும் வலிமையும் ஏறிற்று. மூன்று பங்கு சேர்த்த பால்மத்திலே, லீற்றருக்கு 11.75 மில்லிகிராம் அளவு குடம்பிகளிற் பாதியைக் கொல்லப் போதியதாயிற்று. அவர்கள் எடுத்த குடம்பி எது தெரியுமா? நம் கானிலே நெளிந்த அதே கியூலெக்சு.

கேட்டவுடன் நம் இளைஞர்கள் துள்ளினார்கள். நாமும் துள்ளினோம். பிறகு ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, ஒரு பங்கு எண்ணெய்க்கு மூன்று பங்கு டுவீன் என்றால், கால்வாயிலே நாம் விடப்போவது வேப்பெண்ணெயா, டுவீனா?’ என்று கேட்டார். மண்டபம் அமைதியாயிற்று. அந்தக் கேள்விக்குச் சமமான கேள்வியை ஆய்வுக்கூடங்களிலேயே நாம் அதிகங் கேட்டதில்லை. துளியை மிகச் சிறிதாக்குவதே வெற்றி என எண்ணுவோர் இதிலேதான் வழுக்குகின்றனர். எண்ணெயினும் மும்மடங்கு பால்மமாக்கி வேண்டுமெனில், விலையும் ஏறும். கால்வாய்க்குப் போகும் அந்நியப் பொருளும் பெருகும். உயரழுத்த இயந்திரம் இருந்தால் இதனினும் மிகக் குறைந்த பால்மமாக்கியுடன் 100, 200 நனோமீற்றரை எட்டலாம். இயந்திரம் இல்லாதவன் அதன் குறையைப் பால்மமாக்கியாலே ஈடுசெய்கிறான்.

துளி சிறிதாய் இருந்து மேலெழாது நின்றால் மட்டும் போதுமா? போதாது. சிறுதுளிக்குள்ளே அழுத்தம் அதிகம். ஆகவே சிறுதுளியின் எண்ணெய் அணுவணுவாய் நீரிலே கரைந்து அயலிலுள்ள பெருந்துளியிலே போய்ச் சேரும். சிறியது தேய, பெரியது கொழுக்கும். உலகியலிலும் இது புதிதன்று என்பீர்கள். இதற்கு ஒஸ்வால்ட் என்னும் அறிஞரின் பெயரை இட்டிருக்கிறார்கள். இங்கேதான் விதையெண்ணெயின் பெருமை விளங்கும். நல்லெண்ணெய், சோயா எண்ணெய் முதலியவற்றின் மூலக்கூறுகள் நீண்டவை. நீரிலே கரைவது அற்பத்திலும் அற்பம். ஆதலின் அவற்றின் துளிகள் ஒன்றையொன்று தின்பதில்லை. கறுவா எண்ணெய், கராம்பெண்ணெய் போன்ற வாசனையெண்ணெய்களோ நீரிலே சிறிது கரையும். அவற்றை நனோத் துளியாக்கினால் விரைவிலேயே பெருத்துப் பிரிந்துவிடும். அதற்கு மருந்து, கொஞ்சம் விதையெண்ணெயை முன்னரே அதனோடு கலந்து விடுவதுதான். துளி தேயும்போது விதையெண்ணெய் உள்ளே தங்கிக்கொண்டு தேய்வைத் தடுத்துவிடும். கறுவாவுக்குப் பேர்போன நம் நாட்டிலே இதனைக் கைத்தொழிலாக்க விரும்பும் இளைஞர் எவரேனும் இருந்தால் இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்க.

விதையெண்ணெய்க்கும் ஒரு குறையுண்டு. பன்னிரண்டு பேர்ச் பரப்பிலே காற்றுப் படும்போது எண்ணெய் விரைவிலே பழுதாகி வாடை வீசும். நல்லெண்ணெயிலே இயல்பாயுள்ள செசமோல் முதலியன இதனை ஓரளவு தடுக்கும். மற்றவைகளுக்குத் தடைப்பொருளை நாமே சேர்க்க வேண்டும்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். இங்கேதான் இவ்விடயம் விளையாட்டல்ல என்பது தெரியும்.

குறைமாதத்திலே பிறந்த குழந்தையின் குடல் பாலை ஏற்கும் பக்குவத்தை இன்னும் அடைந்திராது. அதற்குக் கொழுப்புச் சத்து எவ்வழியாற் கொடுப்பது? நாளத்தினூடே நேரே இரத்தத்திலே செலுத்த வேண்டும். எண்ணெயை அப்படியே செலுத்தினால் நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டுக் குழந்தை இறக்கும். அமெரிக்காவிலே பருத்திவிதை எண்ணெயைப் பால்மமாக்கி முயன்றார்கள். காய்ச்சலும் வேறு தீங்குகளும் நேர்ந்து 1960களிலே அதனைக் கைவிட்டனர். சுவீடன் தேசத்து ஆர்விட் விரெற்லின்ட் என்பவர் எண்ணெயையும் சட்டையையும் மாற்றினார். சோயா அவரையின் எண்ணெயை எடுத்து, கோழிமுட்டை மஞ்சட்கருவின் லெசித்தினாலே மூடி, இரத்தத்தின் செறிவுக்கு ஒத்துவரக் கிளிசரீன் சேர்த்தார். 1962இலே சுவீடனிலே அங்கீகாரம் பெற்ற இன்ட்ராலிப்பிட் அதுவே. துளிகள் ஏறக்குறைய 300 நனோமீற்றர். 200க்கு மேற்பட்டதை நனோ என்னலாமா என்று இன்று வழக்காடுவோர் உளர். அவ்வழக்குத் தோன்றுமுன்னரே அது எத்தனையோ உயிரைக் காத்துவிட்டது.

இத்தகைய பால்மத்துக்கு அமெரிக்க மருந்தியல் நூல் விதித்த எல்லை இரண்டு. துளிகளின் சராசரி விட்டம் 500 நனோமீற்றருக்குட்பட வேண்டும். அதுமட்டுமன்று, 5 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட பெருந்துளிகளிலே உள்ள கொழுப்பு, மொத்தக் கொழுப்பிலே நூற்றுக்கு 0.05 பங்கைத் தாண்டலாகாது. சராசரி நன்றாயிருந்தும் ஒருசில பெருந்துளிகள் கெடுத்துவிடும் என்பதை இவ்விரண்டாம் விதி கூறுகிறது. அந்தப் பெருந்துளிகள் எப்போது தோன்றும்? மருத்துவமனையிலே அதே பையினுள் மற்றச் சத்துக்களையும் கலக்கும்போது. எலும்புக்கு வேண்டிய கல்சியத்தை அளவறியாது சேர்த்தால், லெசித்தினின் மின்னேற்றம் அழிந்து துளிகள் ஒன்றாகத் தொடங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலே நாம் கண்ட அதே கல்சியம்! அங்கே கெட்டது ஒரு வாளி வேப்பெண்ணெய். இங்கே பையின் மறுமுனையிலே இருப்பது ஒரு கிலோ நிறையுமற்ற சிசு.

இன்னொன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் நாளத்திலே ஏற்றும் வெள்ளை மருந்தைக் கண்டவர் இங்கே சிலர் இருப்பீர்கள். அதன் பெயர் புரோப்பொபோல். நீரிலே கரையாத அம்மருந்தை 1977இலே முதன்முதல் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரமோபோர் என்னும் பொருளிலே கரைத்தார்கள். கடும் ஒவ்வாமை நேரவே அந்தப் பக்குவத்தைக் கைவிட நேர்ந்தது. ஜோன் கிளென் என்பவரும் அவர்தம் குழுவினரும் மனந்தளராது அதே மருந்தைச் சோயா எண்ணெய்ப் பால்மத்திலே ஏற்றினர். 1986இலே அது வெளிவந்தது. மருந்து மாறவில்லை, அது ஏறிவந்த வாகனமே மாறியது. கிளென் ஒரு மிருக வைத்தியர் என்பதை இளைஞர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

எண்ணெய்க்குப் பதிலாகக் கட்டிக் கொழுப்பை நனோத் துணிக்கையாக்கினால் மருந்து உள்ளே இறுகி நிற்குமே என்று 1990களிலே பேர்லினிலே மியுல்லர், தூரினிலே காஸ்கோ முதலியோர் முயன்றனர். நல்ல முயற்சிதான். ஆயின் கொழுப்பு படிகமாய் ஒழுங்குபடும்போது உள்ளிருந்த மருந்தை வெளியே தள்ளிவிடுவதைக் கண்டனர். ஆகவே கட்டிக் கொழுப்போடு திரவ விதையெண்ணெயையுங் கலந்து அந்த ஒழுங்கைக் குலைத்தனர். நமக்கு இங்கே வேறோர் இடரும் உண்டு. தேங்காயெண்ணெய் 25 பாகையளவிலே உருகுவது. பேர்லினிலே கட்டியாய் நிற்பது கொழும்பிலே போத்தலுக்குள் ஓடும். குளிர்நாட்டிலே எழுதிய பக்குவத்தை அப்படியே இறக்கி இங்கே பொருள் செய்யப் புகுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2021இலே நம்மிற் பலர் பைசர் தடுப்பூசி ஏற்றிக்கொண்டோம். அதிலேயும் கொழுப்பு நனோத் துணிக்கைதானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அது விதையெண்ணெயன்று. அவ்வேலைக்கெனவே அமைத்த நான்குவகைக் கொழுப்புப் பொருள்கள் அதிலுண்டு. பெயர் ஒத்திருப்பதனாலே ஒன்றென எண்ணலாகாது.

இதனை ஏன் அழுத்திச் சொல்கிறோம் எனில், காலி வீதிக் கடைகளிலே ‘நனோ’ என்ற எழுத்தைத் தாங்கிய எண்ணெய்களும் களிம்புகளும் இப்போது மலிந்துவிட்டன. எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. துளியின் அளவு என்ன, அது செய்த அன்றைய அளவா, ஆறு மாதங் கழித்தும் அதே அளவா, எத்தனை பாகை வெப்பத்திலே வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் காசைச் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளுங்கள். மேலும், வேப்பெண்ணெயைச் சிறுகுழந்தைக்கு உள்ளே கொடுப்பது கொடிய தவறு. மலேசியாவிலே நம்மவர் குடும்பங்களிலே கைமருந்தென்று குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்கி, சில மணிக்குள்ளே வாந்தியும் வலிப்பும் மூளைக்கேடும் நேர்ந்ததைச் சின்னையா, பாஸ்கரன் என்னும் இருவர் 1981இலே இலண்டன் லான்செட் சஞ்சிகையிலே எழுதினர். துளி சிறிதானால் உடலுக்குள் எளிதிலே சேரும் என்பதும் நன்மைக்கு மட்டும் உரிய குணமன்று. பால்மம் செய்த போத்தலிலே பெயரெழுதாது சமையலறையிலே வைப்பவர்களை நாம் மன்னிக்கமாட்டோம்.

எள்ளுக்குள் எண்ணெய்போல என்று நம் பெரியோர்கள் அடிக்கடி சொல்வர். அதன் பொருளைச் சமயநூல் வல்லார் விரித்துரைப்பர். நாம் எள்ளைப் பற்றி மட்டுஞ் சொல்வோம். எள்ளின் நிறையிலே ஏறக்குறையப் பாதி எண்ணெய். அவ்வளவு எண்ணெயும் விதைக்குள்ளே குளம்போலத் தேங்கியிருப்பதில்லை. ஒரு மைக்கிரோமீற்றர் அளவிலே தனித்தனித் துளிகளாய் நிற்கிறது. ஒவ்வொரு துளியையும் பொஸ்போலிப்பிட்டு ஒருபடையாய் மூட, ஒலியோசின் என்னும் புரதம் ஊசிபோல எண்ணெய்க்குள்ளே இறங்கி அப்படையைத் தைத்து வைத்திருக்கிறது. தாய்வான் தேசத்து ஆய்வாளர்கள் எள்ளை எடுத்து இதனை நன்கு விளக்கியிருக்கிறார்கள். விதை உலர்ந்தாலும், மாதக்கணக்காகச் சாக்கிலே கிடந்தாலும், மறுபடி நனைந்தாலும் துளி துளியாகவே நிற்கிறது. முளை எழும்போது வேண்டிய வேண்டிய அளவு எண்ணெய் செலவாகிறது. செக்கிலே ஆட்டும்போது நாம் செய்வது இந்தச் சட்டைகளையெல்லாம் கிழிப்பதுதான். கிழித்தெடுத்த எண்ணெய்க்கு மறுபடி சட்டை தைக்கவே இத்தனை இயந்திரமும் டுவீனும்! எள்ளை ஊறவைத்து நீர்விட்டு அரைத்துப் பிழிந்தால் பால் வருகிறதே, அது விதை தானே தைத்த சட்டையோடு வருவது. துளிகளைக் கிழிக்காமலே பிரித்தெடுத்து மருந்துக்கும் உணவுக்கும் வாகனமாக்கலாமா என்று இன்று பல நாடுகளிலே ஆராய்கிறார்கள். 2008இலே தொடங்கப்பெற்று ஹோமாகமையிலே இயங்கும் இலங்கை நனோத் தொழினுட்ப நிறுவனம் நமக்கு எட்டிய தூரத்திலேதான் இருக்கிறது. அங்கே சென்று படிக்கக்கூடிய பிள்ளைகள் இம்மண்டபத்திலே இருக்கிறார்கள். எள்ளும் இருக்கிறது.

கால்வாயிலே வேப்பெண்ணெய்ப் பால்மம் விடும் யோசனையைச் செயற்குழு ஒத்திவைத்திருக்கிறது. மீனுக்கும் மற்ற நீர்வாழ் உயிருக்கும் என்ன ஆகும் என்று அறியாமல் ஒரு துளியும் விடுவதில்லை என்பது முடிவு. அம்முடிவுக்கு நாமும் கையெழுத்திட்டோம். அதுவரைக்கும் சட்டியைக் கவிழ்ப்பதையும் கான் துப்புரவையும் விட்டுவிடாதீர்கள்.

நூல்நிலைய அலுமாரியின் மேற்றட்டிலே மூன்று போத்தல்கள் வைத்திருக்கிறோம். மூன்றிலும் நல்லெண்ணெய், ஆகவே எவரும் அஞ்ச வேண்டாம். ஒன்று சவர்க்காரமும் கொழும்புக் குழாய்நீரும் சேர்த்தது. ஒன்று சவர்க்காரமும் யாழ்ப்பாணக் கிணற்றுநீரும். ஒன்று சோயா லெசித்தினும் டுவீனும் சேர்த்து, அயலிலுள்ள ஆய்வுக்கூடமொன்றிலே ஒலியதிர்வினால் உடைத்தது. அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய நீலம் தெரியும். செய்த திகதி ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறது. நூல் எடுக்க வரும்போதெல்லாம் பார்த்து, எண்ணெய் எத்தனை மில்லிமீற்றர் பிரிந்திருக்கிறது என்பதைப் பக்கத்திலே கட்டியிருக்கும் கொப்பியிலே குறித்துவிடுங்கள். தயவுசெய்து ஒருவரும் குலுக்கிவிடாதீர்கள்.